மாட்டு முடிச்சு

ஓவசியர் வைத்திலிங்கம் உத்தியோகம் முடிந்து தன் தீவு ஊரான சரவணைக்கு வந்தபோது ஒரு ட்ரங்குப் பெட்டியும் ஒரு வள்ளமும் கொண்டுவந்தார். பெட்டியில் என்ன இருக்கிறதென்று ஒருவரும் கேட்கவில்லை. வள்ளத்தைப் பார்க்க ஊர் வந்தது.

பதினாறு அடி நீளம். இரண்டு முனையும் ஒன்றுபோலக் கூர். உள்ளே விலா எலும்புபோல மெல்லிய சட்டங்கள். வெளியே கித்தான் சீலையை இழுத்து அடித்துப் பச்சை பூசியிருந்தது. இரண்டு பேர் தூக்கிக்கொண்டு நடக்கலாம். சீலை வள்ளம் என்று அன்றைக்கே பெயர் விழுந்துவிட்டது.

"இதிலை என்ன மீன் பிடிக்கிறது, ஓவசியர்?" என்று கேட்டார் சிவபாதம். அவர் பக்கத்து ஒழுங்கையில் புகையிலை செய்கிறவர்.

"மீன் பிடிக்கிறதில்லை."

"அப்ப பாரம் ஏத்திறதோ?"

"ஏலாது."

"பேந்து என்னத்துக்கு?"

"போறது. வாறது."

சிவபாதம் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். "சும்மா போய்ச் சும்மா வாறதுக்குத்தானே கோயிலைக் கட்டி வைச்சிருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். வைத்திலிங்கமும் சிரித்தார். ஆனால் படலையைத் தாண்டியதும் அவர்கள் பேசிக்கொண்டது வேறு. தம்பியைத் தின்ற வள்ளத்தை வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறாரே, இவருக்கென்ன நெஞ்சு கல்லோ என்று.

அது உண்மைதான். அதே வள்ளம்தான்.

வைத்திலிங்கம் வேலை பார்த்தது கித்துல்கலையில், களனி கங்கைக் கரையில். ஆற்றின் நீர்மட்டம் அளக்கிற வேலை. அங்கே இருந்த வெள்ளைக்கார எஞ்சினியர் ஒருவர் தன் பொழுதுபோக்குக்காக இந்த வள்ளத்தைக் கப்பலில் வரவழைத்து, பாறைகளுக்கிடையே ஆறு நுரைத்துப் பாய்கிற இடங்களில் ஓட்டினார். பின்னால் இருந்து துடுப்புப் போட ஒரு ஆள் தேவைப்பட்டது. வைத்திலிங்கம் இருந்தார். முதல் நாள் பயத்தில். பிறகு ஒவ்வொரு ஞாயிறும் விருப்பத்தில். ஐம்பத்தாறாம் ஆண்டில் எஞ்சினியர் சீமைக்குத் திரும்பும்போது வள்ளத்தை இவரிடம் விட்டுப்போனார்.

அடுத்த வருசம் தம்பி குலசிங்கத்துக்குத் தன் கீழேயே ஒரு தற்காலிக வேலை எடுத்துக்கொடுத்தார். ஞாயிறுகளில் தமையன் பின்னால், தம்பி முன்னால். ஆவணியில் ஒரு நாள் வள்ளம் கவிழ்ந்தது. தமையன் கரையேறினார். தம்பி ஏறவில்லை. குலசிங்கத்துக்கு அப்போது முப்பது வயது. ஊரில் மனைவி கமலாதேவிக்கு இருபத்துநாலு. மகளுக்கு ஒன்றரை.

மரண விசாரணையில் கேட்டார்கள். இறந்தவர் குடிக்கிறவரா? ஓம் என்றார் வைத்திலிங்கம். முதல் நாள் குடித்தவரா? ஓம் என்றார். இரண்டும் உண்மை. கேட்டவர் எழுதிக்கொண்டார். அந்த எழுத்து சரவணைக்கு வந்துசேர நாள் எடுக்கவில்லை. வெறியில் ஆற்றுக்குள் விழுந்து செத்தான் என்று ஊர் ஒரே வாயாகச் சொன்னது. இருபத்திரண்டு வருசமாக அப்படித்தான் சொல்கிறது.

*

இரண்டு வீட்டுக்கும் நடுவே பனையோலை வேலி. வேலியில் ஒரு பொட்டு, ஆள் குனிந்து நுழைகிற அளவுக்கு. சகோதரங்களின் காணிக்குள் எல்லா வேலியிலும் அப்படி ஒன்று இருக்கும். மத்தியானம் பன்னிரண்டரைக்குக் கமலாதேவி அந்தப் பொட்டடியில் வந்து நிற்பாள். கையில் ஒரு கோப்பைச் சோறு, மேலே மூடிய இன்னொரு கோப்பை.

வைத்திலிங்கம் கலியாணம் செய்யவில்லை. அவருக்கென்று சோறு போட வேறு ஆள் இல்லை.

"நீர் ஏன் கமலா கரைச்சல்படுறீர். நான் ஒரு பானையை வைச்சுக் காய்ச்சுவன்" என்று முதல் கிழமையில் சொல்லிப்பார்த்தார்.

"அவராலைதானே பெரியத்தான் உங்கட உத்தியோகம் உயராமல் போனது. நான் இதையாவது செய்யவேண்டாமோ."

விசாரணைக்குப் பிறகு கந்தோரில் அவருக்குப் பதவி உயர்வு கிடைக்கவில்லை. அதை இவள் தன் புருசன் வைத்துவிட்டுப்போன பழியாக எடுத்துக்கொண்டிருந்தாள். மகளுக்குக் கலியாணம் பேசியபோதும் மாப்பிள்ளை வீட்டார் முதலில் கேட்டது தகப்பன் எப்படிச் செத்தவர் என்றுதான். அதையும் இவளே வாய்திறந்து சொன்னாள். மகள் இப்போது கொழும்பில். வருசத்துக்கு ஒருமுறை வருவாள்.

வள்ளம் வந்து இறங்கிய அன்று கமலாதேவி பொட்டால் வந்து அதைப் பார்த்தாள். சுற்றிவந்து பார்த்தாள். முன்பக்கத்து இருக்கையில் கை வைத்தாள். வைத்திலிங்கம் ஏதாவது சொல்லவேண்டுமென்று நினைத்தார்.

"வள்ளம் என்ன செய்யும், பெரியத்தான்" என்றாள் அவள். "வெறிகாரனை எதுதான் தாங்கும்."

பிறகு அடுப்பில் கறி கிடக்கிறதென்று போய்விட்டாள்.

அன்றைக்கும் அவர் சாப்பிட்டார்.

*

ஒரு வருசம் வள்ளம் மாட்டுக்கொட்டிலின் தாழ்வாரத்தில் கவிழ்ந்து கிடந்தது. கித்தான் வெடித்தது. கறையான் ஒரு சட்டத்தில் ஏறியது. அதைக் கண்ட நாளில் வைத்திலிங்கம் சைக்கிளை எடுத்துக்கொண்டு மண்டைதீவுக்குப் போனார்.

எமிலியானுஸ் கடல்தொழிலாளி. தன் வள்ளத்தைத் தானே திருத்துகிறவர், மற்றவர்களுடையதையும் திருத்துவார். வயது ஐம்பத்தைந்து. வந்து பார்த்தார். விரலால் கித்தானைத் தட்டினார். காது கொடுத்துக் கேட்டார்.

"ஓவசியரண்ணை, இது வள்ளமில்லை. மத்தளம்."

"திருத்தலாமோ?"

"திருத்தலாம். பேந்து கலியாண வீடுகளுக்கு வாடகைக்குக் குடுக்கலாம்."

அவர் ஞாயிறு பூசை முடிந்து வருவார். பழைய கித்தானை உரித்தார்கள். ஒரு பாய்மரச் சீலையை நனைத்து, ஈரத்தோடு இழுத்து, செப்பாணி அடித்தார்கள். காய்ந்ததும் அது தானாக இறுகியது. கறையான் தின்ற சட்டத்துக்கு எமிலியானுஸ் வளைந்த பூவரசங் கொப்பொன்றைத் தேடி எடுத்துச் செதுக்கினார். குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிக் கூரிரண்டுக்கும் பூசினார். கமலாதேவி பொட்டால் தேத்தண்ணி நீட்டுவாள். வைத்திலிங்கத்துக்குக் கிளாஸ். எமிலியானுசுக்கென்று ஒரு தனித் தகரப் பேணி. அதைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை.

உள்வேலையை வைத்திலிங்கம் தானே செய்தார். பாயும் நீரில் ஓட்டுகிற வள்ளத்தில் இருக்கையில் இருந்து ஓட்டுவதில்லை. முழங்காலில் நிற்கவேண்டும். சாக்கை மடித்து, பழைய சைக்கிள் ரியூப்பை மேலே தைத்து, முழங்காலுக்கு மெத்தை செய்தார். கவிழ்ந்தாலும் தாழாமலிருக்க இரண்டு முனையிலும் லொறி ரியூப் ஒவ்வொன்று காற்றடித்துக் கட்டினார். தொடையை வள்ளத்தின் அடியோடு சேர்த்துப் பிடிக்க வார். அது இல்லாவிட்டால் அலை வள்ளத்தை ஒரு பக்கம் எறியும், ஆளை மறுபக்கம் எறியும்.

பின்பக்கத்து வாருக்குப் பித்தளைக் கொளுவி இருந்தது. எஞ்சினியர் போட்டது. பெருவிரலால் அமத்தினால் திறக்கும். முன்பக்கத்து வாருக்குக் கொளுவி இப்போதும் இல்லை. அந்த இடத்தில் வாரின் இரண்டு நுனியிலும் தென்னந்தும்புக் கயிறு பொருத்தி, கட்டுவதற்கு விட்டார்.

"முழங்காலிலை நிண்டோ ஓட்டிறது?" என்று எமிலியானுஸ் கேட்டார்.

"ஓம்."

"ஐயோ. கோயிலிலைதான் அந்தப் பாடெண்டு பாத்தால், கடலிலையுமோ."

*

மாசியில் வள்ளத்தை வண்டியிலேற்றிக் கொண்டுபோய் மண்டைதீவில் எமிலியானுசின் கொட்டிலில் வைத்தார்கள். தீவுக்கும் தீவுக்கும் நடுவே கடலை நிரப்பிப் போட்ட தாம்போதி றோட்டில் பாலங்கள் உண்டு. கடல் பெருகும்போதும் வற்றும்போதும் பரவைக்கடல் முழுவதும் அந்தப் பாலக் கண்களால்தான் போய்வரவேண்டும். வற்று முழு வேகத்தில் இருக்கும் ஒன்றரை மணித்தியாலம், பாலத்தின் அந்தப்பக்கம் தண்ணீர் மடிந்து எழும்பி நுரைக்கும். மீன்பிடிகாரர் அந்த நேரம் பார்த்து அந்த இடத்தை விலத்திப் போவார்கள். வைத்திலிங்கம் அந்த நேரம் பார்த்து அங்கே போனார்.

அறுபத்தொரு வயதில் முழங்கால் நோகும். இடுப்பு மறுநாள் எழும்பவிடாது. ஆனால் பாலத்துக்கு மேற்பக்கம் வள்ளத்தைக் குறுக்கே பிடித்துக்கொண்டு அவர் பார்ப்பார். இரண்டு அலைக்கு நடுவே ஒரு நாக்குப்போல வழுவழுவென்று தண்ணீர் இறங்கும் இடம் தெரியும். அதில் முனையை வைத்தால் போதும். மிச்சத்தைத் தண்ணீர் செய்யும். இருபத்தைந்து அடி தூரம், மூன்று மூச்சு. பிறகு ஒதுங்கிச் சுழல்கிற நீரில் வள்ளம் தானே திரும்பி நிற்கும். அந்த மூன்று மூச்சுக்குள் அவருக்கு ஒன்றும் நினைவில் இருக்காது. திரும்பக் கரையால் தூக்கிச் சுமந்து கொண்டுபோய் மறுபடி இறங்குவார்.

பாலத்தில் பஸ் நிற்கும். ஆட்கள் யன்னலால் எட்டிப்பார்ப்பார்கள்.

"தாத்தா, வீட்டிலை கிணறு இல்லையோ?" என்று ஒருநாள் ஒருத்தன் கத்தினான்.

சோளகக் காற்று எழும்பியதும் தனியே ஓட்ட முடியவில்லை. அது இரண்டு பேருக்கென்று செய்த வள்ளம். முன்னால் பாரம் இல்லாவிட்டால் காற்று முனையைத் தூக்கித் திருப்பிவிடும். மணல் மூட்டை வைத்துப் பார்த்தார். மூட்டை துடுப்புப் போடாது.

"ஒருக்கா வாருமன், எமிலியானுஸ்."

"மனிசி கேள்விப்பட்டால் பங்குத்தந்தையிட்டைப் போவாள்."

"ஒருக்கா."

ஆடி கடைசி ஞாயிறு எமிலியானுஸ் வந்தார். சாரத்தை மடித்துக் கட்டி, இடுப்பு வாரில் வழக்கமான கத்தியோடு, முன்பக்கத்து மெத்தையில் முழங்காலில் நின்றார். சிலுவை போட்டுக்கொண்டார். "பூசையிலைபோல, நன்மை எடுக்கிறதுக்கு வாயைத் திறக்கவோ, ஓவசியர்?" என்றார். வைத்திலிங்கம் குனிந்து, அவருடைய தொடைக்கு மேலால் வாரை எடுத்து, தும்புக் கயிற்றின் இரண்டு நுனியையும் சேர்த்துக் கட்டினார். இழுத்துப் பார்த்தார். இறுக்கமாக இருந்தது.

பாலக் கண்ணுக்குள் நேராகத்தான் போனார்கள். வெளியே முதல் அலையில் எமிலியானுஸ் கடற்காரனின் பழக்கத்தில் துடுப்பை ஊன்றி வள்ளத்தை நிறுத்தப் பார்த்தார். கோல் ஊன்றுகிற கை அது. அங்கே ஊன்ற அடி இல்லை. வள்ளம் கவிழ்ந்தது.

வைத்திலிங்கம் தண்ணீருக்குள் பெருவிரலால் அமத்தினார். கொளுவி திறந்தது. மேலே வந்தார். வள்ளம் முதுகைக் காட்டிக்கொண்டு மிதந்தது. எமிலியானுஸ் வரவில்லை.

அவர் வள்ளத்தின் பக்கத்தைப் பிடித்துப் புரட்டப் பார்த்தார். கை வழுக்கியது. கூப்பிட்டார். பாலத்தில் ஆட்கள் கத்தினார்கள். வள்ளம் உள்ளே இருந்து உதைபட்டு ஆடியது. பிறகு ஆடவில்லை. இதை அவர் முன்பும் பார்த்திருந்தார்.

அப்போது தண்ணீரைப் பிளந்துகொண்டு எமிலியானுஸ் வந்தார். ஒரு கையில் கத்தி. தொடையில் கத்தி கிழித்து இரத்தம். இருமினார். சத்தியெடுத்தார். இருவரும் வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு, நீர் ஓயுமிடம்வரை போய், இடுப்பளவு தண்ணீரில் நின்றார்கள்.

"ஆர் பழக்கினது உமக்கு உந்த முடிச்சு?" எமிலியானுசின் வாயில் அண்ணையும் இல்லை, ஓவசியரும் இல்லை. "மாடு கட்டிற முடிச்செல்லோ அது! இழுக்க இழுக்க இறுகும். தும்பு நனைஞ்சால் பேய்க்கும் அவிழாது. மனிசனை ஆரும் அதாலை கட்டுவினமோ? அதுவும் தண்ணிக்கை!"

வைத்திலிங்கம் வள்ளத்தடியில் கையை விட்டு, அறுந்த கயிற்று நுனியைத் தொட்டார்.

"கத்தி இல்லாட்டி நான் இப்ப சவம். விளங்குதோ? சவம்."

"விளங்குது" என்றார் வைத்திலிங்கம்.

*

சரவணையில் ஆறு வயதுப் பிள்ளைக்கும் அந்த முடிச்சுத் தெரியும். மாட்டைக் கட்டையில் கட்டினால் அது இழுக்கும். இழுக்க இழுக்க இறுகவேண்டும். இல்லாவிட்டால் விடியும்போது மாடு அயலானின் தோட்டத்தில் நிற்கும். அந்தக் கைகளுக்குக் கயிறு என்றால் அதுதான். வேறு முடிச்சு வேண்டியிருந்ததில்லை.

ஐம்பத்தேழில் முன்பக்கத்துக் கொளுவி உடைந்தது ஆடி மாதம். கொழும்பிலிருந்து வேறொன்று எடுப்பிக்கலாம் என்றார் வைத்திலிங்கம். எடுப்பிக்கும்வரை தும்புக் கயிறு. பின்பக்கத்துக் கொளுவியைக் கழற்றி முன்னால் போடலாம் என்று ஒரு நினைவு வந்தது. பின்னால் இருக்கிறவன்தான் வள்ளத்தைத் திருப்புகிறவன், அவனுக்குத்தான் வார் சரியாக இருக்கவேண்டும் என்று விட்டுவிட்டார். அன்று காலை தம்பியின் தொடைக்கு மேலால் கயிற்றைக் கட்டியது அவர்தான். குலசிங்கம் துடுப்பை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "மெல்ல, அண்ணை. ஓடிப்போக மாட்டன்" என்றான்.

அரை மைல் கீழே, பாறையில் செருகியிருந்த வள்ளத்தை ஆட்கள் புரட்டினார்கள். உள்ளே அவன் முழங்காலில் இருந்தான். வைத்திலிங்கம் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். நகம் பிய்ந்தது. அங்கத்தைய சிங்களக் கிழவர் ஒருவர் அவரை விலக்கிவிட்டுக் கத்தியால் அறுத்தார். அறுத்த கயிற்றை ஆற்றில் எறிந்தார்.

கயிற்றைப் பற்றி விசாரணையில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு வைத்திலிங்கம் இறங்கினார்.

அவருக்குத் தெரியாமலிருக்கவில்லை. அந்தப் பக்கம் பார்க்காமலிருந்தார். குடித்தவன் கவிழ்த்தான், குடித்தவனுக்கு அவிழ்க்கத் தெரியவில்லை என்று முதல் வருசம் தனக்குச் சொன்னார். இரண்டாம் வருசம் சொல்லத் தேவைப்படவில்லை. இப்போது எமிலியானுஸ், குடிக்காதவர், பிறந்தது முதல் கடலில் கிடப்பவர், அவருக்கே அவிழ்க்க முடியவில்லை.

*

திவசத்துக்குப் பத்து நாள் இருந்தது.

முதல் நாள் கமலாதேவி சோற்றோடு வந்தபோது அவர் பொட்டடிக்கு முன்பே வந்து நின்றார்.

"என்ன பெரியத்தான், பசியோ?"

"ஓம்" என்றார்.

அடுத்த நாளும் வந்து நின்றார். முருங்கையிலை வறை நல்லாக இருந்ததென்றார். அதற்கடுத்த நாள் படுத்திருந்தார். அவள் கோப்பையைப் பொட்டுக்குள்ளால் நீட்டி மண்ணில் வைத்துவிட்டுக் கூப்பிட்டாள். அவர் எழும்பிப் போகும்போது காகம் மேற்கோப்பையைத் தட்டிவிட்டிருந்தது. ஏழாம் நாள் அவள் கேட்டாள்:

"திவசத்துக்கு அவருக்குக் கத்தரிக்காய் பொரிச்ச குழம்பு வைக்கட்டோ? விருப்பமெண்டு மாமி சொல்லுறவ. எனக்கு வடிவா ஞாபகமில்லை. நாலு வருசம்தானே இருந்தனாங்கள். அதிலையும் பாதி அங்கை."

"கமலா."

"என்ன?"

"அண்டைக்கு அவன் குடிக்கேல்லை."

அவள் மேலே மூடியிருந்த கோப்பையைப் பிடித்தபடி நின்றாள்.

"முதல் நாள் இரவு ரண்டு பேருந்தான் கொஞ்சம் குடிச்சனாங்கள். விடிய அவன் தெளிவா இருந்தவன். தேத்தண்ணி மட்டுந்தான் குடிச்சவன். நான்தான் ஊத்திக் குடுத்தது." அவர் நிறுத்தினார். பிறகு நிறுத்தாமல் சொன்னார். "அவனை வள்ளத்திலை கட்டினது நான். மாடு கட்டிற முடிச்சு. தண்ணிக்கை இறுகிப்போச்சு. எனக்குக் கொளுவி இருந்தது. அவனுக்கு இல்லை. அவனாலை அவிழ்க்கேலாமல் போச்சு. வெறியிலை சாகேல்லை. கட்டிக் கிடந்து செத்தவன்."

ஒழுங்கையில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

"குளிப்பாட்டின ஆக்கள் சொன்னவை" என்றாள் கமலாதேவி. "துடையிலை ஒரு கண்டல் இருந்ததெண்டு. பாறை அடிச்சதாக்குமெண்டு நினைச்சம்."

"கயிறு."

"கயிறு" என்றாள்.

அவர் வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எட்டுச்செலவுக்கு மாமி ஒரு போத்தில் எடுத்து வைச்சவ. படையலுக்கு." செத்தவர் விரும்பியதையெல்லாம் எட்டாம் நாள் சமைத்துப் படைப்பார்கள். குடிக்கிறவருக்குச் சாராயமும் படைப்பார்கள். "நான் எடுத்து எறிஞ்சனான். செம்பாட்டு மண்ணிலை ஊத்தினனான். எல்லாரும் பாத்துக்கொண்டு நிண்டவை. உன்னைத் திண்டதை உனக்கே படைக்கிறதோ எண்டு பேசினனான். அவரின்ரை படத்தைப் பாத்துப் பேசினனான், பெரியத்தான். பிள்ளைக்கும் அப்பிடித்தான் சொல்லி வளத்தனான். கொப்பர் ஒரு வெறிகாரன் எண்டு."

"கமலா, நான்—"

"நீங்கள் ஒண்டும் சொல்லவேண்டாம்."

அவள் கோப்பைகளை நீட்டினாள். அவர் வாங்கினார்.

"சோறு ஆறுது" என்றாள். போய்விட்டாள்.

மறுநாளும் சோறு வந்தது. கோப்பையை மண்ணில் வைத்துவிட்டு அவள் போய்விட்டாள். அதற்கடுத்த நாள், முகத்தைப் பார்க்காமல், "ஒரு கால் போத்தில் சாராயம் வேணும்" என்றாள். "பொம்பிளை நான் போய்க் கேக்கேலாது."

வைத்திலிங்கம் வேலணைக்குச் சைக்கிளில் போனார். கால் போத்தல் கேட்கப் போனவர் முழுப் போத்தலாக வாங்கினார். தாளில் சுற்றிப் பொட்டால் நீட்டியபோது அவள் தாளை உரித்துப் பார்த்தாள்.

"கால் போத்திலெண்டுதானே சொன்னனான்."

"இருக்கட்டும்."

"அவர் இவ்வளவு குடிக்கிறேல்லை" என்றாள். அதைச் சொல்லும்போதுதான் அவள் குரல் உடைந்தது.

*

திவசத்தன்று அவரை யாரும் கூப்பிடவில்லை. மற்ற வருசங்களில் கமலாதேவி காலையிலேயே வந்து, பெரியத்தான், பதினொரு மணிக்கு ஐயர் வாறார் என்று சொல்லிவிட்டுப் போவாள். அவர் குளித்து, வேட்டி கட்டி, தன் கதிரையில் இருந்தார்.

ஐயர் வந்து போன சத்தம் கேட்டது. அதன் பிறகு அவர் பொட்டடிக்குப் போனார். அங்கிருந்து அவளுடைய வீட்டின் விறாந்தை தெரியும். குலசிங்கத்தின் படத்துக்கு முன்னால் தலைவாழையிலை. சோறு, பொரித்த குழம்பு, பருப்பு, வடை. இலையின் வலதுபக்கத்தில் போத்தல். கமலாதேவி மூடியைத் திருகித் திறந்தாள். ஒரு கிளாசில் இரண்டு விரல் அளவு ஊற்றினாள். எவ்வளவு ஊற்றுவதென்று தெரியாமல் கிளாசைத் தூக்கிப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். இலையடியில் வைத்தாள். பிறகு படத்துக்கு முன்னால் நிலத்தில் இருந்துகொண்டாள். வாய் அசைந்தது. கேட்கவில்லை. கேட்கிற தூரமில்லை.

வெகுநேரம் கழித்து எழும்பி, ஒரு கோப்பையில் படைத்த சோற்றை எடுத்துக்கொண்டு வந்தாள். அவர் நிற்பது அவளுக்குத் தெரியும். கோப்பையைப் பொட்டுக்குள்ளால் தள்ளி வைத்தாள். மூடவில்லை.

"கோப்பையைக் கழுவி வைச்சுக்கொள்ளுங்கோ" என்றாள். "திருப்பித் தரவேண்டாம்."

பின்னேரம் அவள் இரண்டு பனங் கருக்குமட்டையும் ஒரு கட்டு ஓலையும் பொட்டடிக்கு இழுத்துக்கொண்டு வந்தாள். உதவிக்கு ஆளில்லை. வைத்திலிங்கம் தன் பக்கத்தில் இருந்து பார்த்தார். மட்டையை நிறுத்தும்போது ஒரு பக்கம் சரிந்தது. அவர் கை நீட்டிப் பிடித்தார். அவள் மற்றப் பக்கத்தைக் கட்டிமுடிக்கும்வரை பிடித்துக்கொண்டு நின்றார். கட்டி முடிந்ததும் விட்டார். ஓலை ஒவ்வொன்றாக ஏறியது. முதலில் அவளுடைய கால் மறைந்தது. பிறகு கை. கடைசியில் தலை.

பழைய ஓலைக்கு நடுவே அந்த இடம் மட்டும் பச்சையாக இருந்தது.

*

ஞாயிறு பூசை முடிந்து எமிலியானுஸ் தன் கொட்டிலுக்கு வந்தபோது வைத்திலிங்கம் வள்ளத்தின் பக்கத்தில் மணலில் இருந்தார். கையில் தும்புக் கயிறு.

"உம்மோட நான் கோவம்" என்றார் எமிலியானுஸ். தொடையில் கட்டு இன்னும் இருந்தது. "அதை முதல் சொல்லிப்போட்டன்."

"ஓம்."

"சாப்பிட்டனீரோ?"

"கடைப் பாண் திண்டனான்."

எமிலியானுஸ் அவரை ஒருமுறை பார்த்தார். காலை நீட்டிப் பக்கத்தில் இருந்தார்.

"அந்த முடிச்சைக் காட்டும்" என்றார் வைத்திலிங்கம். "நீங்கள் கட்டிறதை."

எமிலியானுஸ் கயிற்றை வாங்கினார். வளைத்தார். ஒரு நுனியை முழுவதும் இழுக்காமல் மடித்துச் செருகினார். "இவ்வளவுதான். இறுகி இருக்கும், புயலுக்கும் நிக்கும். இந்த நுனியை ஒரு இழுவை." இழுத்தார். கயிறு அப்படியே கழன்று மடியில் விழுந்தது. "கண்ணை மூடிக்கொண்டும் செய்யலாம். சின்னப் பிள்ளையும் செய்யும்."

வைத்திலிங்கம் கட்டினார். பிழை. மறுபடி கட்டினார். பழைய கை பழைய இடத்துக்கே போனது. எமிலியானுஸ் விரலைப் பிடித்துத் திருப்பிவிட்டார். ஐந்தாம் தரம் சரி வந்தது. வாரின் நுனிகளில் கட்டிப்பார்த்தார். இறுகி நின்றது. நுனியை இழுத்தார். கழன்றது.

"சரி, பிடிபட்டிட்டுது. எழும்பும், வத்துத் தொடங்கப்போகுது" என்றார் எமிலியானுஸ்.

வைத்திலிங்கம் எழும்பவில்லை. மறுபடி கட்டினார். இழுத்தார். கழன்றது. கண்ணை மூடிக்கொண்டு கட்டினார். மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தார். கழன்றது.

பாலத்தடியில் தண்ணீர் இரையத் தொடங்கியது. அவர் கட்டிக்கொண்டிருந்தார்.